பொட்டு வைத்த கேமரா

"ஹலோ… ஹலோ… டேய், இருடா, உள்ள லைன் கிடைக்கல, வெளிய வரேன்… ஆங், இப்பச் சொல்லு. எத்தனை தடவடா அடிப்ப? கையில கேமராவ வெச்சுப் பாத்துக்கிட்டு இருக்கேன், விடாம அடிக்கிற. என்ன, வீடு பத்திக்கிச்சா?… இல்லல்ல? அப்ப என்ன தலை போற அவசரம்?… வாங்கல. இன்னும் வாங்கலடா. இப்பத்தான் வந்து உக்காந்து தேத்தண்ணி குடிச்சேன்."

பேசுவது ரோகினி. மறுமுனையில் நீலாயில் பெக்டரி வேலை பார்க்கும் அவளுடைய தம்பி குணாளன். அந்த வீட்டில் பிள்ளைகள் இவர்கள் இரண்டு பேர்தான். அடுத்த மாதம் அவனுக்குக் கல்யாணம், பகாவ் பக்கத்தில் இருவரும் பிறந்து வளர்ந்த செம்பனைத் தோட்டத்தின் கோயில் மண்டபத்தில். அந்தக் கல்யாணத்துக்குப் படம் எடுக்கப்போவது தான்தான் என்று நிச்சயதார்த்தத்தன்றே ரோகினி எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. ரோகினியிடம் அப்படியெல்லாம் யாரும் சொல்வதில்லை. அவளுக்குக் கோபம் மூக்கு நுனியில் என்பார்கள். அது தப்பு. அவளுடைய கோபம் அங்கே வந்து காத்துக்கொண்டிருப்பதில்லை, நேரே வாய்க்கு வந்துவிடும்.

படம் எடுக்க அவளுக்குத் தெரியும். கேமராதான் இல்லை. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தூங்கவேண்டிய புருஷனைக் காடி ஓட்டச் சொல்லி, தம்பினில் முன்பின் தெரியாத வள்ளியம்மா என்கிறவரின் வீட்டு ரம்புத்தான் மரத்தடியில் வந்து நிற்கிறாள். வள்ளியம்மாவின் மகன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனபோது விட்டுவிட்டுப் போன பழைய கேமரா விலைக்கு வந்து, இப்போது இவள் கழுத்தில் தொங்குகிறது.

"என்னது? திருப்பிச் சொல்லு… போதுமா? ஃபோன் போதுமா? எந்த மடையன் சொன்னான்?… சரி, எல்லாரும் சொல்றாங்க. எல்லாரும்னா யாரு, ஊரு பூராவா?… குணா, உன் நிச்சயதார்த்தத்த ஃபோன்லதான எடுத்தாங்க. பாத்தியா அந்தப் படத்த? பாத்தியா இல்லியா?… லோஷினி மூஞ்சி மாவுல முக்கி எடுத்த மாதிரி இருக்கு. நல்லா மாநிறமா லட்சணமா இருக்கிற கல்யாணப் பொண்ண, பேய் மாதிரி ஆக்கி வெச்சிருக்கானுங்க. நீ நின்ன எடத்துல ஒரு சட்டை மட்டும் தெரியுது. பெரியப்பாவுக்கு மூணு காது… சிரிக்காத. சிரிக்கிறதுக்கு நான் சொல்லல."

"ஆமா, ஆமா, புது ஃபோன், தெரியும்லா. புது ஃபோன்னா அதுக்கு என்ன, கண்ணு மொளைச்சிருக்கா? அது தானா மூஞ்சிய வழவழன்னு தேச்சு வுட்டுரும், கல்யாணத்துக்கு வந்தவங்க எல்லாரும் ஒரே அம்மா வயித்துப் பிள்ளைங்க மாதிரி இருப்பாங்க… டேய், இன்னும் நாப்பது வருஷம் கழிச்சு உன் பேரப்பிள்ளை பாக்கப்போற படம். அதுக்கு ஃபோன் போதும்னு சொல்ற பாரு, உன் வாய்ல…"

உன் வாயில் என்ன என்பதை அவள் சொல்லி முடிக்கவில்லை. வாசல்படியில் வள்ளியம்மா எட்டிப் பார்த்தார். அவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். நெற்றி நிறையத் திருநீறு, முகம் நிறையச் சிரிப்பு. இப்படிப்பட்டவர்கள் முன்னால் கத்துவது ரோகினிக்கே கொஞ்சம் கூச்சம்.

"ஒண்ணுமில்லக்கா, தம்பிதான்… ஆமாக்கா, அதே மாப்பிள்ளைதான்… ஐயோ, பலகாரமெல்லாம் வேணாங்க்கா, இப்பத்தான் சாப்ட்டு வந்தோம்… சரிக்கா, ஒண்ணே ஒண்ணு வைங்க… ம், சொல்லுடா. எங்க வுட்டேன்?"

"கேமரா எப்படி இருக்கா? இப்பக் கேட்ட பாரு, இதான் கேள்வி. பழசுதான்டா. ரொம்பப் பழசு. பின்னாடி ஸ்கிரீன் தீப்பெட்டி அகலம். பிடிக்கிற எடத்துல ரப்பரு பிசுபிசுன்னு கையில ஒட்டுது, பலாப்பழம் உரிச்ச கை மாதிரி. கார்டு பாத்தீன்னா அந்தக் காலத்துப் பெரிய கார்டு, கடையில போய்க் கேட்டா நம்மள மேலயும் கீழயும் பாப்பான். வீடியோ? வீடியோ கிடையாது… அதெல்லாம் கிடையாதுடா, படம் மட்டுந்தான் எடுக்கும். கேமரான்னா அதுதான் வேலை."

"அவசரப்படாத. குறை சொல்லி முடிச்சதும் வேணாம்னு குதிக்கிற. இரு, காதுல வெச்சிக் கேளு… கேட்டுச்சா?… இன்னொரு தடவ… கேட்டுச்சா? அந்தச் சத்தத்தப் பாரு. டக்குனு அடிச்சு நிக்குது. உள்ள இருக்கிறது உசுரோட இருக்குடா. அந்தப் பையன் அதிகமா எடுக்கவே இல்லபோல. வாங்கி ஆசை தீந்ததும் வெச்சிட்டான். லென்ஸ்ல மட்டும் ஓரத்துல லேசாப் பூசணம் பிடிச்சிருக்கு, மரத்தடி வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்தேன். நடுவுல இல்ல. ஓரத்துல இருந்தா படத்துல தெரியாது."

அந்தச் சத்தத்தைக் கேட்டபோது அவளுக்கு உள்ளங்கையெல்லாம் குறுகுறுத்தது. தம்பியிடம் அதைச் சொல்லத் தெரியவில்லை. பகாவில் ஹேமநாதனின் ஸ்டூடியோவில் பல வருஷம் வேலை பார்த்தவள் அவள். எத்தனையோ கல்யாணங்களில் அவருக்குப் பின்னால் லைட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள், அவர் அசந்த நேரத்தில் அவர் கேமராவை வாங்கிப் படமும் எடுத்திருக்கிறாள். ஆனால் கழுத்தில் தொங்குவது தன்னுடையதாக இருந்ததே இல்லை. ஸ்டூடியோவை விட்டு வந்த பிறகு ஆசைக்குத் தொட்டுப் பார்க்கக்கூட ஒன்று கிடையாது.

"ஆனா ஒண்ணுடா, கேட்டா சிரிப்ப. பிளாஷ் வேலை செய்யல… இருடா, முழுசாக் கேளு! அந்த அக்கா கேமராவ எங்க வெச்சிருந்துச்சு தெரியுமா? சாமி ரூம்புல! சாமி படத்துக்குப் பக்கத்துல! மகன் சிங்கப்பூருல நல்லா இருக்கணும்னு வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை சாம்பிராணி காட்டியிருக்கு. சாமிக்கும் புகை, கேமராவுக்கும் புகை. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை தொடைச்சு, சந்தனம் வெச்சு, குங்குமம் வெச்சு… எங்க வெச்சுதுன்னு கேளு."

கேமராவின் தலையில் பிளாஷைச் சொருகுவதற்குத் தட்டையாக ஒரு இடம் இருக்கும். வள்ளியம்மாவின் கண்ணுக்கு அது பொட்டு வைப்பதற்கென்றே செய்து விட்ட இடமாகத் தெரிந்திருக்கிறது. மோட்டார் சைக்கிளுக்கு லைட்டில், தையல் மெஷினுக்கு நெற்றியில், இதற்கு இங்கே. வருஷா வருஷம் போன பொட்டின் மேலேயே புதுப் பொட்டு வைத்து, அங்கே சந்தனம் சிமெண்டு மாதிரி இறுகிக் கிடந்தது. அதைத்தான் அவர் பெருமையாகக் காட்டினார், எவ்வளவு மரியாதையாக வைத்திருந்தேன் பார் என்று. ரோகினிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அந்தச் சிரித்த முகத்தைப் பார்த்துத் திட்ட வாய் வரவில்லை. திட்ட முடியாமல் போனதெல்லாம் வயிற்றுக்குள் சேர்ந்து இப்போது தம்பிக்கு வந்துகொண்டிருக்கிறது.

"ஆமா, கெட்டுப்போச்சுன்னு சொல்லல. அடைச்சிருக்கு. கொண்டை ஊசிய வெச்சுச் சுரண்டிக்கிட்டு இருக்கேன், பேசிக்கிட்டே. வந்துகிட்டு இருக்கு, பாறை மாதிரி வருது… ஏண்டா வேணாம்? எதுக்கு வேணாம்? நான் என்ன உன் காசுலயா வாங்குறேன்?… அப்ப என்ன உனக்கு? என்னமோ மென்னு முழுங்குற. காலையில வாய்ஸ் மெசேஜ்லயும் இதே இழுப்பு. வேணாங்க்கா, எதுக்குக்கா, பாத்துக்கலாங்க்கா. பொண்ணு கையக் காலப் பிடிச்சு வாங்கியாச்சு, அக்கா கேமரா வாங்குறதுதான் உனக்குப் பெரிய வெவகாரமாப் போச்சா?"

"இங்க பாரு, நான் சொல்றேன் கேளு. ஏன் ஃபோன் ஆகாதுன்னு சொல்றேன். தாலி கட்டுற நேரம் இருக்கு பாரு, அதுக்குத்தான்டா கேமரா வேணும். மத்ததெல்லாம் ஃபோன்ல எடு, வாழைப்பழத்துல எடு, எனக்கென்ன. கெட்டிமேளம்னு அய்யரு கைய ஆட்டுவாரு, மேளக்காரன் பொளந்து கட்டுவான், அட்சதை பறக்கும், எல்லாரும் எந்திரிச்சுடுவானுங்க, ஆளாளுக்கு ஃபோனத் தூக்கிப் பிடிப்பானுங்க. அந்த நேரத்துல உன் ஃபோன் என்ன பண்ணும் தெரியுமா? யோசிக்கும். யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள நீ தாலி கட்டிப் புள்ளயே பெத்துருவ."

"அது மட்டுமா? நாத்தனார்க்காரி ஒருத்தி பின்னால நிப்பா பாரு. நீ மொத முடிச்சுப் போட்டதும் மத்த ரெண்டு முடிச்சும் அவதான போடணும். அவ என்ன பண்ணுவா, நீ கைய எடுக்கிறதுக்கு முன்னாடியே குறுக்க கைய வுடுவா. வளையல் ரெண்டு கை நிறைய, முந்தானை வேற. பொண்ணு மூஞ்சி தெரியாது, தாலி தெரியாது, அவ கைதான் தெரியும். நான் எத்தன நாத்தனார்க்காரிகளப் பாத்திருக்கேன்! அக்கா, கொஞ்சம் தள்ளுங்க, அக்கா, கை மறைக்குதுன்னு கத்திக் கத்தித் தொண்ட போயிடும். அவ கை வர்றதுக்கு முன்னாடி பட்டுபட்டுனு அஞ்சாறு தட்டு தட்டிடணும். அதுக்கு இது மாதிரி ஒண்ணு கையில இருந்தாத்தான் முடியும். புரியுதா?… புரியுதாடா?… குணா?"

அவள் ஃபோனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். லைன் இருந்தது. தெருவில் ஒரு செம்பனை லோரி குலுங்கிக்கொண்டு போனது.

"ஹலோ?… ஹலோ?… இருக்கியா? இருக்கேன்னு சொல்ல எதுக்குடா இவ்ளோ நேரம்? வாயில கொழுக்கட்டையா?… சொல்லு. என்னமோ சொல்ல வந்தியே… சொல்லு… ம்… ம்… யாரு?… யாருகிட்ட பேசியாச்சு?"

அவள் கொண்டை ஊசியை நிறுத்தினாள்.

"ஹேமநாதனா?"

"நீ பேசுனியா, அவரு பேசுனாரா?… நீதான் போய்ப் பேசுன. எப்ப?… போன வாரமே? போன வாரமே பேசி முடிச்சிட்டு இன்னைக்கு வரைக்கும் என்கிட்ட ஃபோன் போதும், ஃபோன் போதும்னு காதுல பூ சுத்துனியா? நான் இந்த வெயில்ல தம்பின் வரைக்கும் வந்து ஒரு வீட்ல உக்காந்து முறுக்குத் தின்னுக்கிட்டு இருக்கேன், நீ அங்க ஆள முடிவு பண்ணிட்டு… பேசாத. நீ பேசாத. நான் பேசுறேன்."

"அந்த ஆளு யாருன்னு உனக்குத் தெரியும்ல? நான் ஏன் அங்கேருந்து வந்தேன்னு தெரியும்ல? கோலப்பிலா கல்யாணத்துல கெட்டிமேளம் கொட்டுறப்ப அவரு எங்க இருந்தாரு? பந்தியில! ரசம் ஊத்திச் சாப்ட்டுக்கிட்டு இருந்தாரு! மேடைக்கும் பந்திக்கும் நான் ஓடுறேன், அண்ணே, அண்ணே, தாலி கட்டப்போறாங்கன்னு. எச்சக் கையோட கேமராவக் காட்டி, நீயே எடும்மான்னாரு. நான் எடுத்தேன். நான்தான்டா எடுத்தேன். அந்தப் பொண்ணு கண்ணுல தண்ணி தளும்புது, இன்னும் வுழல, அந்த நேரத்துல எடுத்தேன். அது இப்ப எங்க தொங்குது? பகாவ்ல அவரு கடை கண்ணாடியில ஆளு ஒசரத்துக்குத் தொங்குது, கீழ அவரு பேரு. கேட்டா, கேமரா யாருதும்மான்னு கேக்குறாரு. கேமரா அவருதாம், அதனால படமும் அவருதாம். அப்ப எங்கிட்ட ஒரு கேமரா இருந்திருந்தா அந்த வார்த்தை அவரு வாயில வந்திருக்குமா?"

"பசாருக்குப் போறப்பல்லாம் அத தாண்டித்தான் போறேன். எதிர்ப்பக்கக் கடை வாசல் அஞ்சடியில நடந்து போறேன்டா, அதப் பாக்கக்கூடாதுன்னு. அந்த ஆளப் போய் நீ என் வீட்டுக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டிருக்க. ஒன் அக்கா மூஞ்சியில கரியப் பூசுறதுக்கு வேற வழி தெரியலயா?"

கண்ணில் நீர் வந்துவிடுமோ என்று பயந்து இன்னும் சத்தமாகக் கத்தினாள். தெருவோரம் நிறுத்தியிருந்த காடியில் அவளுடைய புருஷன் சீட்டைச் சாய்த்துப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். தூங்கவில்லை. தூங்குவதுதான் நல்லது என்று தெரிந்தவன்.

"யாரு யாருக்குத் தெரியும்?… அம்மாவுக்கு?… அம்மாவுக்குத் தெரியும். பெரியம்மாவுக்கு?… ம். விமலாவுக்கு?… பெரியம்மா மக விமலாவுக்குக்கூடத் தெரியும். எல்லாருமா வட்டமா உக்காந்து பேசியிருக்கீங்க. எனக்கு மட்டும் தெரியாது. நல்லாருக்குடா, ரொம்ப நல்லாருக்கு. அக்காவுக்கு எடுக்கத் தெரியாதுன்னு முடிவு பண்ணிட்டீங்க… அப்புறம் என்ன? வேற என்ன காரணம்? சொல்லேன்… பூசி மெழுகாத… எனக்குக் கஷ்டமா இருக்கும்னா? எனக்கு என்ன கஷ்டம்? உனக்கென்னடா தெரியும் என் கஷ்டம்!"

"சரி, ஒக்கே. ஒக்கேலா. உன் கல்யாணம், உன் இஷ்டம். நான் வரேன். மூணாம் மனுஷி மாதிரி வரேன். கடைசி வரிசையில உக்காருவேன், மேடைப் பக்கமே எட்டிப் பாக்கமாட்டேன். இலையப் போட்டா சாப்டுவேன், மொய் எழுதுவேன், தாம்பூலப் பையத் தூக்கிட்டுப் போய்க்கிட்டே இருப்பேன்… முடியாதா? ஏன் முடியாது? உக்காருவேன், எவன் கேப்பான்?… மேடையிலயா? நான் எதுக்கு மேடையில நிக்கணும்? அதான் உன் ஹேமநாதன் நிப்பாரே… என்ன முடிச்சு?… எந்த முடிச்சு?"

ரோகினி கொண்டை ஊசியைத் தலையில் திரும்பச் சொருகிக்கொண்டாள்.

வேறு யாராவது இப்படி மறந்திருந்தால் அவள் அவர்களை ஒரு வருஷத்துக்குக் கிண்டல் பண்ணியிருப்பாள். எத்தனை மேடைகளின் ஓரத்தில் நின்று எத்தனை முடிச்சுகளைப் பார்த்தவள். நாத்தனார் என்றால் அவளுக்கு எப்போதுமே யாரோ ஒருத்தியின் நாத்தனார்தான், பட்டுப்புடவையும் வளையலுமாகக் குறுக்கே வந்து படத்தைக் கெடுப்பவள். குணாளனின் கல்யாணத்தை மனதுக்குள் எத்தனையோ முறை எடுத்துப் பார்த்திருந்தாள். எங்கே நிற்பது, எந்தப் பக்கம் வெளிச்சம் வரும், லோஷினியின் முகம் எப்போது நிமிரும் எல்லாம் யோசித்தாகிவிட்டது. அந்தக் கல்யாணத்திலும் பெண்ணுக்குப் பின்னால் ஒரு நாத்தனார் நின்றாள். அவளுக்கு மட்டும் முகம் இல்லை. குணாளனுக்கு வேறு அக்காவும் இல்லை, தங்கையும் இல்லை.

"டேய்… நான்…" என்றாள். பிறகு, "இருக்கேன், இருக்கேன். கொஞ்சம் இரு."

ரம்புத்தான் மரத்தில் சாய்ந்துகொண்டாள். மேலே காய் சிவக்க ஆரம்பித்திருந்தது, எறும்பு ஊர்ந்தது, அவள் கவனிக்கவில்லை.

"இத மொதல்லயே சொல்றதுக்கு என்னடா? ஒத்த வார்த்த. அக்கா, நீதான முடிச்சுப் போடணும், படம் எப்படி எடுப்பன்னு கேக்குறதுக்கு என்ன? வாய்ல புண்ணா? ஃபோன் போதும், கேமரா வேணாம்னு ஊரச் சுத்தி மூக்கத் தொட்டுக்கிட்டு… அம்மா சொல்லச் சொன்னாங்களா? ஏன், அம்மா சொல்றதுக்கென்ன?… அம்மாவுக்கும் பயம். பெரியம்மாவுக்கும் பயம். நான் என்ன புலியா? கடிச்சுத் தின்னுடுவேனா?… ம். அது சரி. சொல்லாத, பதில் சொல்லாத அதுக்கு."

"இல்ல, எனக்குத் தெரியணும். அப்படி நான் கேமராவத்தான் பிடிப்பேன்னு ஒத்தக்கால்ல நின்னா என்ன பண்றதா இருந்தீங்க? அதுக்கும் பேசி வெச்சிருப்பீங்களே. முடிச்சு யாரு போடுறது?… ம்… யாரு?"

"விமலாவா!"

வீட்டுக்குள்ளிருந்து வள்ளியம்மா ஓடிவந்துவிட்டார். ரோகினி கையைக் காட்டி ஒன்றுமில்லை என்று ஜாடை செய்தாள். முகத்தைப் பார்த்தால் ஒன்றுமில்லாத மாதிரி இல்லை.

"விமலா போடுவாளா? உனக்கு? யாருடா அவ? சின்ன வயசுல உன்ன இடுப்புல தூக்கிக்கிட்டு தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஓடுனது விமலாவா? நீ ஸ்கூல்ல அடி வாங்கிட்டு வந்தா அடிச்சவன் வீட்டு வாசல்ல போய் நின்னு சண்ட போட்டது விமலாவா? அவளுக்கு ஒரு முடிச்சு ஒழுங்காப் போடத் தெரியுமா? அவ சப்பாத்துக் கயிறே அவுந்து அவுந்து வுழுது! என்ன தைரியம் இருந்தா சரின்னு சொல்லியிருப்பா… சரின்னுட்டாளா? புடவை எடுத்துட்டாளா? அரக்குப் பட்டா? அவ மூஞ்சிக்கு அரக்குப் பட்டு வேற…"

"இல்ல, நீ இரு. நீ இரு. உண்மையச் சொல்லு, எனக்கு ஒளிக்காத. நான் கேமராவத்தான் கேப்பேன்னு நீ நெனச்சியா? முடிச்சு வேணாம், படம் எடுக்குறேன்னு சொல்லிடுவேன்னு?… சொல்லு… பயந்தியா?… ம்… ம்… எத்தன நாளா?"

சுருக்கென்று தைத்தது. இது கோபம் வரவேண்டிய இடம். வந்தது துக்கம். தம்பி இத்தனை நாளும் அவளிடம் கேட்காமல் இருந்தது அவள் கத்துவாள் என்பதற்காக இல்லை. அவள் என்ன சொல்வாளோ என்பதற்காக. அதைவிட வேதனை, அவன் நினைத்தது முழுத் தப்பு என்று அவளால் சத்தியம் பண்ண முடியவில்லை. இரண்டு நாள் முன்னால் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாளோ, அவளுக்கே தெரியாது. கேமரா கழுத்தில் கனமாக இழுத்தது.

"அழாதடா. பெக்டரி ஷிஃப்ட்ல எவனாவது பாக்கப் போறான்… சரி, அழல. எனக்கென்னமோ கேட்டுச்சு… நான் எங்க அழறேன்? எறும்பு கடிக்குது. இந்த மரம் பூரா எறும்பு."

புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அதற்குள் பழைய ரோகினி திரும்பி வந்துவிட்டாள்.

"கேளு இப்ப. குறுக்க பேசாத. பந்தக்கால் நடுறதுலேருந்து நான்தான் எடுப்பேன். நலுங்கு நான் எடுப்பேன். லோஷினிக்குத் தலை பின்னுறது, நீ பட்டு வேட்டி கட்டத் தெரியாம முழிக்கிறது, எல்லாம் நான். பொண்ணு மணவறைக்கு வர்றது வரைக்கும் நான். தாலிய எல்லார்கிட்டயும் தொட்டுக் கும்பிடக் கொண்டுபோறப்ப கேமராவக் கழட்டி உன் மச்சான்கிட்ட குடுத்துட்டு மேல வந்துருவேன். அந்த நேரத்துக்கு மட்டும் உன் ஹேமநாதன் நிக்கட்டும்… ஆமா, அவரேதான். வேற யாரு இருக்கா? வேலை தெரிஞ்ச ஆளுதான், சாப்பாடு கண்ணுல படாம இருந்தா. பந்திய தாலி கட்டி முடிச்சதுக்கு அப்புறம் திறக்கச் சொல்லிடு… ஆமா. சமையக்காரன்கிட்ட இன்னைக்கே சொல்லிடு."

"இன்னொண்ணு. அக்கா கை மறைக்குது, தள்ளுங்கன்னு அவரு என்னைச் சொல்லக்கூடாது. சொன்னாலும் தள்ளமாட்டேன். நல்லா மறைக்கட்டும். என் கையும் உன் கல்யாணப் படத்துல இருக்கட்டும்… சரியா?… விமலாகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லவா?… நீயே சொல்லிடு. நான் சொன்னா அரக்குப் பட்டு தாங்காது."

"ம்… ம்… சரி, சரி. போதும். தேங்க்ஸ் சொல்லாத, எனக்கு இன்னும் கோவம் போகல. உனக்கு இருக்கு, நேர்ல வா, வெச்சுக்குறேன்… என்னது?"

மரத்திலிருந்து நிமிர்ந்து நின்றாள்.

"அப்ப கேமரா எதுக்குன்னா கேக்குற? ஹேமநாதன்தான் வராரே, இது வேற எதுக்குன்னா?… திருப்பிக் கேளு அத… கேளுடா, கேட்டல்ல, இன்னொரு தடவ கேளு…"

அவன் கேட்கவில்லை போலிருக்கிறது. கேட்டிருந்தாலும் அவள் அதற்குமேல் காத்திருக்கவில்லை. வாசலை நோக்கி நடந்துகொண்டே பேசினாள்.

"வள்ளியம்மாக்கா, நான் எடுத்துக்குறேன். சார்ஜரத் தேடி வைங்க… ஆமாக்கா, முடிவு பண்ணிட்டேன்… குணா, நல்லாக் கேட்டுக்க. உன் கல்யாணம் மத்தியானச் சாப்பாட்டோட முடிஞ்சிரும்டா. நான் அதுக்கு அப்புறமும் இருக்கேன்ல? வை ஃபோன."

அவன் வைப்பதற்குள் அவளே வைத்துவிட்டாள்.